பத்தம்மா, பாத்துமா: ஒரு செக்ரோலின் பாடபேதம்

நமது ஊர்ச் சிறப்பு மலர்களிலும் சமூக இதழ்களிலும் குடும்ப வரலாறு எழுதும் வழக்கம் அண்மைக் காலத்தில் வளர்ந்து வருகிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அவற்றுட் பத்தை எடுத்து வாசித்தால் எட்டின் தொடக்கம் ஒன்றாகவே இருக்கும். ஒரு மரக்கலம். அரபு நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியார். பேருவளையிலோ காயல்பட்டினத்திலோ கரையிறக்கம். அடுத்த பந்தியில் எழுநூறு ஆண்டுகள் ஓடிப்போய், 1900 அளவில் கம்பளையிலோ ஹட்டனிலோ ஒரு கடை திறந்தாயிற்று. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், "மூத்தோர் சொல்லக் கேட்டது" என்று ஒரு வரி இருக்கும்.

இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருந்தது. மரக்கலம்தான் இல்லை, கடை இருந்தது. "நாங்க கடைக்காரக் குடும்பம். தோட்டத்துக்கு யாவாரத்துக்குத்தான் வந்த. பேர் பதிஞ்சு வேல செஞ்ச ஆக்கள் இல்ல" என்று வாப்பா எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். நாற்பது வயது தாண்டும்வரை நான் அதை நம்பினேன். அந்த நம்பிக்கை கலைந்த விதத்தையும், அதைக் கலைத்த கடதாசிகளை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் வரலாறு கற்றவள் அல்லள். தமிழ் சிறப்புப் பட்டம் படித்து, மலையகத்தில் தமிழ் கற்பிப்பவள். எனக்குப் பழக்கமானது பாடபேதம் பார்ப்பது. சி.வை. தாமோதரம்பிள்ளை ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார் என்றும், ஏடு பெயர்த்து எழுதியவர் எங்கே பிழை விட்டார், எங்கே தன் ஊர் வழக்கை நுழைத்தார், எங்கே விளங்காததைத் தனக்கு விளங்கியபடி திருத்தினார் என்று பார்க்கவேண்டும் என்றும் எங்களுக்குக் கற்பித்தார்கள். பிறப்புப் பதிவேடும் ஓர் ஏடுதான். அதையும் ஒருவர் கேட்டு எழுதினார், இன்னொருவர் பார்த்துப் பெயர்த்தார். நமது ஆய்வாளர்கள் அதைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டு, பிரதியாக வாசிக்காமல் விடுகிறார்கள் என்பதே என் குறை.

முதலில் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிற பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் பெயர், திகதி, தந்தை, தாய், இனம் எல்லாம் முடிந்த பிறகு, பாட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு. தந்தை இலங்கையிற் பிறக்காமல், பூட்டனார் இலங்கையிற் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்று இன்னொரு கூடு. எத்தனை முறை நிரப்பியிருக்கிறோம்! முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் அனுமதிக்காக நானே நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த "பிறந்திருந்தால்" என்ற எச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்துக்கு முன்னர் இந்நாட்டிற் பிறந்தவர் வழிமுறைப் பிரஜையாக வேண்டுமானால் தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் நிபந்தனை அப்படியே படிவத்தின் கூடாகிவிட்டது. கேள்வி கேட்கும் படிவம் குடும்ப வரலாற்றை விசாரிக்கவில்லை, வடிகட்டுகிறது. இலங்கையிற் பிறக்காத பாட்டனுக்கு அதில் இடமே கிடையாது. கோடு ஒன்று இழுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். மலையகத்துப் பத்திரங்களில் அந்தக் கோடுகள் நிறைய.

அந்தக் கூடுகளில் இன்னொரு ஆளையும் காணோம். தாயின் தாய். தந்தையின் தாய். பாட்டன், பூட்டன் என்று நான்கு தலைமுறை ஏறுகிற படிவம் ஒரு வாப்பும்மாவின் பெயரையும் கேட்பதில்லை.

என் வாப்பாவிடம் இருந்தது பிறப்புப் பத்திரம்கூட அல்ல, உத்தேச வயதுச் சான்றிதழ். பதிவேட்டில் பிறப்பைக் கண்டுபிடிக்க முடியாதபோது கொடுப்பது. 1960களில் எடுத்தது. அதில் அவர் "இலங்கைச் சோனகர்", பிறந்த இடம் கம்பளை. இதை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் இடித்தது. நாங்கள் வாப்பாவை "வாப்பா" என்கிறோம். அவர் தன் தகப்பனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அத்தா" என்றுதான் சொல்வார். கம்பளையிலோ அக்குறணையிலோ பிறந்து வளர்ந்த தலைமுறையில் "அத்தா" என்ற விளி கேட்டதில்லை. அது இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் சொல். ஒரு குடும்பம் தன் கடதாசியை மாற்றலாம், நாக்கிலிருக்கிற உறவுச் சொல் ஒரு தலைமுறை பிந்தித்தான் மாறும்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூல ஏட்டைத் தேடத் தொடங்கினேன்.

தேடுவோருக்குப் பயன்படும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா எல்லாம் இன்று நுவரெலியா மாவட்டம். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் இப்பகுதி கண்டி மாவட்டத்தின் உடபுலத்கமப் பிரிவைச் சேர்ந்திருந்தது. ஆகவே அக்காலத்துப் பதிவை நுவரெலியாவில் தேடி "இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் பலர். நானும் திரும்பினேன், இரண்டு முறை. இரண்டாவது, தோட்டத்துப் பிறப்பு இறப்புகள் கிராமத்துப் பதிவாளரிடம் போகவில்லை. தோட்டத்து அத்தியட்சகர், அதாவது துரை, மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தகவல் கொடுப்பவர் பெற்றோர் அல்லர், துரை. பதிவேட்டின் குரல் யாருடையது என்று கேட்கிற எவருக்கும் இது முக்கியம்.

ஓர் அலுவலகத்தில் ஒரு லிகிதர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, முஸ்லிம் பெயர் என்பதால் நகரப் பிரிவின் புத்தகங்களை மட்டும் புரட்டினார். மூன்றாவது முறை போனபோது வேறொருவர் இருந்தார். வயதானவர். "டீச்சர், தோட்டத்துப் புத்தகம் வேற. அதப் பார்க்கச் சொல்லிக் கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நாங்கள்தான் கடைக்காரக் குடும்பமாயிற்றே!

அந்தப் புத்தகத்தில் வாப்பா இருந்தார். 1946. தந்தையின் இனம்: இந்தியச் சோனகர். தந்தையின் தொழில் என்ற கூட்டில் ஆங்கிலத்தில் ஒரு சொல், "லேபரர்". தொழிலாளி.

ஒரே பிறப்புக்கு இரண்டு பிரதிகள். மூலத்தில் ஒரு மனிதர், படியில் இன்னொருவர். பாடபேதம் பார்க்கும்போது எங்கள் பேராசிரியர் ஒன்று சொல்வார்: எந்தப் பாடம் சரி என்று கேட்பதற்கு முன், ஒரு பாடம் ஏன் மாற்றப்பட்டது என்று கேள். இங்கே அந்தக் கேள்விக்கு விடை தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க இறுதி நாள் 1951 ஓகஸ்ட் 5. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எஞ்சியோரின் விதியை 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000, 3,00,000 என்று பங்கிட்டார்கள். மீதம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இப்படிப் பங்கு போடப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், தமிழ் பேசுகிற ஒரு முஸ்லிம் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் இன்னொரு வாசல் இருந்தது. "இந்தியச் சோனகர்" என்பதில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், "இலங்கைச் சோனகர்" ஆகிவிடலாம். பக்கத்து லயத்து முனியாண்டிக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் அத்தா மனுப் போட்டார், கிடைக்கவில்லை என்று பின்னர் வாப்பா ஒப்புக்கொண்டார். அதன் பிறகு கடைத்தெருவில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் வழி சொன்னாராம். அதை நான் மோசடி என்று எழுத மாட்டேன். இந்தியாவுக்குக் கப்பலேறாமல் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஒரு திருத்தம் அது. ஆனால் அந்தத் திருத்தத்தை உண்மைப் பாடமென்று நம்பி, அதன்மேல் நாங்கள் ஒரு பெருமையையும் கட்டிக்கொண்டோம். அங்கேதான் எனக்குச் சங்கடம்.

இந்த "இலங்கை", "இந்திய" என்ற அடைமொழிகள் வெறும் இடப்பெயர்கள் அல்ல. 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு சோனகரை இரண்டாகப் பிரித்து எண்ணியது. அதற்குப் பின்னால் ஒரு விவாதம் இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். சட்டசபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் என்ற கேள்வி அந்த வாதத்துக்குப் பின்னால் நின்றது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் சோனகப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அஸீஸின் மறுப்பை நான் மதிக்கிறேன். ஒரு சமூகத்தை இன்னொருவர் பெயரிட்டு அழைப்பதை எதிர்த்த எழுத்து அது. ஆனால் அரபு வம்சம் என்ற ஆதாரத்தின் மேல் வாதத்தை நிறுத்தியபோது, அண்மையில் கடல் தாண்டி வந்த தமிழ்நாட்டு முஸ்லிம் வெளியே நிற்கவேண்டியதாயிற்று. 1915 கலவரத்தைப் பற்றிய ஆங்கில ஏடுகளில் "கோஸ்ட் மூர்ஸ்" என்று வருகிற கரையோர வணிகர்கள் அவர்கள்தான். கம்பளைப் பள்ளிவாசல் வழக்கில் வருபவர்களும் அவர்கள்தான். கலவரத்துக்குப் பின் நட்டஈடு கோரியோர் பற்றிய அரசாங்கப் பத்திரங்களில் மலைநாட்டு இந்திய முஸ்லிம் கடைகளைத் தேடலாம். குடும்ப வரலாறு எழுதும் நம்மவர்கள் அதைத் தொடுவது குறைவு.

வணிகரையாவது கலவரம் பதிவு செய்தது. லயத்தில் இருந்த முஸ்லிமை எங்கே தேடுவது?

செக்ரோலில்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய புத்தகங்கள் எரிந்தன, கறையான் தின்றது, கடைக்குப் பொதி சுற்றப் போயிற்று. தப்பியவை பெரும்பாலும் தனியாட்களிடம் இருக்கின்றன. எனக்கு ஒன்று கிடைத்தது ஒரு பெரிய கிளாக்கரின் மகனிடமிருந்து. தகப்பனின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக வைத்திருந்தார். 1940களின் நடுப்பகுதி. ஒரு மாதத்துக்கு ஒரு தாள். இலக்கம், பெயர், பிறகு முப்பத்தொரு சிறு கூடுகள்.

அந்தக் கூடுகளைப் புரிந்துகொள்ள மலையகத்து "பேர்" என்ற சொல்லை அறிய வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் பெயரும்தான், ஒரு நாட் சம்பளமும்தான். முழு நாள் வேலைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். கொழுந்து நிறை போதவில்லையென்றால் கணக்கப்பிள்ளை பேரை வெட்டுவார். "இன்னைக்குப் பேர் போடல" என்று ஒரு பெண் லயத்துக்கு வந்து சொன்னால் அன்று கூலி இல்லை என்று பொருள். அகராதிகள் இந்தப் பொருளைத் தரவில்லை என்றால் அது அகராதியின் குறை. எனக்கு இது ஒரு பெரிய சொல்லாட்சியாகப் படுகிறது. வேலை செய்யாத நாளில் அந்த மனிதருக்குப் பேரே கிடையாது. இலங்கையின் எந்த ஆவணத்திலும் இல்லாத அளவுக்கு ஒரு பெண்ணின் பெயர் செக்ரோலில் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான். பிறப்புப் படிவம் கேட்காத வாப்பும்மாவை, சம்பளத் தாள் நாளுக்கு ஒரு முறை கேட்டிருக்கிறது.

என் வாப்பும்மாவைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. நான் தேடியது "பாத்துமா"வை. இருக்கவில்லை. அத்தாவின் பெயருக்கு அடுத்த இலக்கத்தில் "பத்தம்மா" என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு முறை தாண்டிப் போனேன். இந்துப் பெண் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. துரை கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், அதைக் கிளாக்கர் தமிழாக்கியிருப்பார். பாத்துமா ஆங்கிலத்தில் ஒரு நெடில் இழந்து, தமிழுக்குத் திரும்பி வரும்போது பத்தம்மாவாகிவிட்டாள். ஏடு பெயர்த்தவர் விளங்காததைத் தனக்கு விளங்கியபடி திருத்தினார். பாடபேதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் வகுப்பில்கூடக் கிடைக்கவில்லை.

மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' (2014) வாசித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. துரைமார் தமிழ் கற்க எழுதப்பட்ட கையேடுகளை அவர் ஆராய்ந்திருக்கிறார். ஏவல் வினைகளாலும் வசைகளாலும் ஆன ஒரு தமிழ் அது. அந்தத் தமிழைக் காதில் வாங்கியவர்களே பெயர்களையும் காதில் வாங்கினார்கள். மைதீன், மொகிதீன், மொஹிடீன், மைடின் என்று ஒரே ஆள் நான்காகப் பிரிந்து நிற்பதை நம் ஆய்வாளர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் ஆண் பெயர் எப்படித் திரிந்தாலும் முஸ்லிம் பெயராகவே தெரியும். பெண் பெயர் திரிந்தால் சமயமே மாறிவிடுகிறது. மீரா, பத்தம்மா, கச்சியம்மா என்று தாளில் இருப்பவர்களில் எத்தனை பேர் நம் வாப்பும்மாக்கள் என்று இனி யார் சொல்வது? தோட்டங்களில் முஸ்லிம் தொழிலாளர் இருந்ததே இல்லை என்று உறுதியாகச் சொல்லுகிறவர்கள் இந்தத் தாள்களைத்தான் ஆதாரம் காட்டுகிறார்கள்.

கடையின் வழியாகத் தேடுவோருக்கு வேறொரு துணை இருக்கிறது: விலாசம். மலைநாட்டுக் கடைத்தெருக்களில் ஆனா மூனா, கானா சீனா என்று எழுத்துப் பெயரால் வழங்கிய கடைகள் இருந்தன. ஆனா பாட்டனாக இருக்கும், மூனா தகப்பனாக இருக்கும், சிலவேளை முதலெழுத்து ஊராக இருக்கும். இரண்டு எழுத்தில் ஒரு வம்சாவளி! கடன் கொப்பிகளிலும் பெயர்ப் பலகைகளிலும் பழைய ரசீதுகளிலும் இவை கிடைக்கும். ஆனால் கூலியாளுக்கு விலாசம் கிடையாது, இலக்கம்தான். 1900களின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டு முறையில் அந்த இலக்கம் உலோகத்தில் பொறித்து ஆளின் உடம்பிலேயே கட்டப்பட்டது. மண்டபம் முகாமில் நின்று வந்தவரா, தூத்துக்குடியிலிருந்து வணிகராகக் கப்பலேறி வந்தவரா என்பதை வைத்தே பின்னால் கடதாசி எந்தப் பெட்டியில் விழும் என்று தீர்மானமாகிவிட்டது. தலைமைக் கங்காணியின் கடனைச் சுமந்த "துண்டு" 1921இல் சட்டப்படி ஒழிந்தது. 1939இல் இந்திய அரசு தோட்டக் கூலிகள் இங்கு வருவதையே நிறுத்தியது. எங்கள் அத்தா இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் சிறு பிள்ளையாக வந்திருக்கிறார். அவர் எந்தக் கங்காணியின் ஆள் என்பதுதான் இனித் தேட இருப்பது. எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்ட வாரியாகத் தேடவேண்டும் என்கிறார்கள். நம் சம்பளத்துக்கு அது ஒரு விடுமுறைப் பயணத்துக்கு மேல் தாங்காது.

தோட்ட வரலாறு என்றவுடன் எல்லோரும் எடுக்கும் ஃபேர்கசன் டிரெக்டரியில் ஏக்கர் உண்டு, உரிமையாளர் உண்டு, துரையின் பெயர் உண்டு. லயத்தில் ஒருவரும் இல்லை. அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

அதைவிடப் பயன் தந்தது என் காலடியிலேயே இருந்த பாடசாலைச் சேர்வு இடாப்பு. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்வது துரையின் கடமை என்று 1907இலேயே சட்டம் வந்துவிட்டது. பின்னால் அப்பாடசாலைகள் அரசிடம் வந்தபோது இடாப்புகளும் வந்தன. பெயர், பாதுகாவலர் பெயர், அவர் தொழில், சமயம் என்று நிரல்கள். பழைய பக்கங்களில் சமயம் "இஸ்லாம்", பாதுகாவலர் தொழில் "தொழிலாளி" என்று ஒன்றிரண்டு வரிகளாவது வரும். இவ்வளவு நாளும் அந்த அலுமாரியைத் திறந்து மூடிய எனக்கு அது கண்ணில் படவில்லை. அதிபர்மார் தயவுசெய்து இவற்றைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போடாதிருக்க வேண்டும். அரச அலுவலகங்களில் "புத்தகம் இல்லை" என்ற பதிலை எழுத்தில் கேட்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டபின் சில புத்தகங்கள் கிடைத்திருக்கின்றன என்பது என் அனுபவம்.

நம் சொந்த ஏடுகளையும் சொல்லவேண்டும். 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துப் பதிவுச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்த பிறகு கடுத்தங்கள் ஒழுங்காகப் பதியப்பட்டன. மணமகளின் வலியாக யார் நின்றார், மஹர் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. குடும்ப வரலாற்றுக்கு இது பொன். ஆனால் லயத்து முஸ்லிம்கள் எல்லோரும் பதிவுகாரரிடம் போனார்களா என்றால், எங்கள் வீட்டில் போகவில்லை. தோட்டத்துக்கு வந்து போன லெப்பை ஓதிவைத்தார், அவ்வளவுதான். பள்ளிவாசற் சந்தாப் புத்தகமும் அப்படியே. சந்தா கட்டியவர் பெயர் இருக்கும். மாதம் நான்கு பேர் வெட்டுப்பட்டவர் எப்படிச் சந்தா கட்டுவது? வாப்பும்மாவின் மையத்து அடங்கிய ஆண்டில் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்தது. "இன்னாரின் மனைவி" என்று எழுதியிருந்தது. பெயர் எழுதவில்லை. துரை பிழையாகவாவது எழுதினார். நாங்கள் எழுதவேயில்லை.

இலக்கியம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) முதல் நான் வாசித்த மலையகக் கதைகளில் முஸ்லிம் வருகிறார், பெரும்பாலும் கடை வாசலில் வருகிறார். அரிசியும் கருவாடும் கடன் கொடுப்பார், சம்பள நாளில் கொப்பியை விரிப்பார். கதை முடியும்வரை கல்லாவை விட்டு எழும்ப மாட்டார். அல் அஸூமத்தின் 'அறுவடைக் கனவுகள்' போல ஒரு முஸ்லிம் எழுத்தாளர் தோட்டத்தையே தன் களமாகக் கொண்ட எழுத்துகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மறுபுறம் இலங்கை முஸ்லிம்களின் வரலாறு என்று எழுதப்படும் நூல்களில் மலைநாடு என்றால் கண்டி அரசனிடம் நிலம் பெற்ற கிராமங்கள், சித்திலெவ்வை, 'முஸ்லிம் நேசன்', அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர். இவர்கள் எல்லோரும் நம் பெருமைதான், மறுக்கவில்லை. அட்டனுக்கும் அப்பால் பனியில் நின்ற லயம் அந்த நூல்களில் வருவதில்லை. நூலக நிறுவனம் இணையத்தில் பெரும் பணி செய்து வருகிறது. அங்கும் மலையக ஆவணகம் ஒரு பெட்டி, முஸ்லிம் ஆவணகம் இன்னொரு பெட்டி. எங்கள் வாப்பும்மாவின் செக்ரோலை எந்தப் பெட்டியில் போடச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டிலும் போடச் சொல்லிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

கம்பளை, பரதெக்கவில் 2007இல் திறக்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் நூதனசாலைக்கு ஒரு தடவை மாணவிகளைக் கூட்டிப்போனேன். பழைய லய அறையிலேயே கூடை, கவ்வாத்துக் கத்தி, பாத்திரம் பண்டங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரு முஸ்லிம் மாணவி என்னிடம் மெதுவாக, "மிஸ், எங்கட ஆக்கள் இதுல இருந்தாங்களா?" என்று கேட்டாள். அப்போது செக்ரோல் எனக்குக் கிடைத்திருக்கவில்லை. "இல்ல மகள், நம்மாக்கள் கடைதானே வச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் முடித்துப் போய்விட்டாள்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் வாப்பா மறுத்தார். "அந்தக் கடதாசியத் தோண்டாத மகள். ஒன்ட பிள்ளைகளுக்குக் கரைச்சல் வரும்" என்றார். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் இந்திய வம்சாவளியினரின் நாடற்ற நிலை தீர்ந்துவிட்டது, இனி யாரையும் யாரும் அனுப்ப முடியாது என்று விளக்கினேன். சட்டம் தீர்ந்த பிறகும் பயம் தீர நாளெடுக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஊர், தோட்டம், பெயர் எதையும் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பின்னரே சம்மதித்தார். வாப்பும்மாவின் பெயரை மட்டும் போடட்டுமா என்று கேட்டேன். பேசாமல் இருந்தார்.

பிறகு செக்ரோல் தாளின் நகலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த முப்பத்தொரு கூடுகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பத்தொன்பது பேர், நாலு அரைப் பேர். மிச்சம் வெறுமை.

"உம்மாட விரல் நுனி எல்லாம் கறுப்பா இருக்கும்" என்றார். "நாங்க கேட்டா, மருதோண்டி போட்டது காஞ்சு போன கறைன்னு சொல்லுவா. நாங்களும் நம்பின."

கொழுந்துக் கறை என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. சொன்னதை மட்டும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஓகஸ்ட் விடுமுறையில் மறுபடி கண்டிக்குப் போகவேண்டும். வாப்பாவுக்கு மூத்தவராக ஒரு பிள்ளை பிறந்து நாற்பது நாளில் மவுத்தானதாக ஒரு பேச்சு இருக்கிறது. தோட்டத்து இறப்புப் புத்தகத்தில், பத்தம்மாவின் பிள்ளை என்று தேடிப் பார்க்க வேண்டும்.